கப்பல் போகாத ஊருக்குப் போகும் பில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் காலை எட்டு மணிக்கு முன்னால் மார்த்தாண்டம், கருங்கல், காப்புக்காடு பக்கம் பஸ் ஏறினால், அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகும் பெண்கள் கூடவே வருவார்கள். கையில் சாப்பாட்டுப் பாத்திரம், விரல் நுனியில் போகாத கறுப்பு. முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். பல வருடம் அண்டி தல்லியவர், அதாவது முந்திரிக் கொட்டை உடைத்தவர், யார் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்படி இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அக்காவிடம், வரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றேன். "நமக்கெல்லாம் என்ன வரி மக்கா? அது பணக்காரங்க காரியமில்லா" என்றார்.

அன்று காலையில்தான் அவர் செல்போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் செய்திருந்தார். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். கணக்குப் போட்டால் 45 ரூபாய்க்கு மேல் வரி. ஒரு கோடீஸ்வரர் அதே ரீசார்ஜைச் செய்தாலும் அதே 45 ரூபாய்தான். சோப்பு, பிஸ்கட், செருப்பு, குடை என்று அக்கா தொடும் பொருளிலெல்லாம் கொஞ்சம் வரி இருக்கிறது. வருமான வரி அலுவலகத்தின் வாசலை ஒருநாளும் மிதிக்காதவர் தினமும் வரி கட்டிக்கொண்டே இருக்கிறார். தவணை தவறவும் முடியாது, பேரம் பேசவும் முடியாது.

அவர் தல்லும் அந்த அண்டியின் கதை வேறு. பெரும்பாலும் அது நம் ஊர்க் கொல்லாமரத்தில் காய்த்ததல்ல. ஐவரி கோஸ்ட், கினி பிசாவ், பெனின், கானா, தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் சிறு விவசாயிகள் பொறுக்கிய கொட்டை. மூட்டையாகக் கப்பலேறி தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ வந்து, லாரியில் இங்கே சேர்கிறது. உலகின் முந்திரிக் கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் விளைகிறது. அதில் பெரும்பகுதி ஓடு உடைக்காமலே ஆசியாவுக்கு வந்துவிடுகிறது. கினி பிசாவின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்த ஒரு கொட்டையிலிருந்துதான். ஒரு நாட்டின் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இந்தக் கொட்டைக்கு என்ன விலை எழுதப்படுகிறது என்பதை நம்பி நிற்கின்றன.

கொட்டை என்ன விலைக்கு விற்றது என்பதைவிட, பில்லில் என்ன விலை எழுதினார்கள் என்பதுதான் வரிக்கு முக்கியம். வளரும் நாடுகளிலிருந்து பணம் நழுவிப்போகும் வழிகளில் மிகப் பெரியது இந்த இடைவெளி. சூட்கேஸில் நோட்டுக்கட்டை அடுக்கிக்கொண்டு விமானம் ஏறும் காட்சிதான் நம் மனதில் வரும். உண்மையில் பெரும்பணம் துறைமுகத்தின் வழியாக, முத்திரை குத்திய தாள்களோடு போகிறது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒருவர் 1,000 டன் கொட்டை ஏற்றுமதி செய்கிறார். சந்தை விலை டன்னுக்கு 1,200 டாலர். அவரே, அல்லது அவருடைய உறவுக்காரர், துபாயில் ஒரு வியாபாரக் கம்பெனி வைத்திருக்கிறார். ஆப்பிரிக்கக் கம்பெனி துபாய்க் கம்பெனிக்கு 800 டாலருக்கு விற்றதாக ஒரு பில். துபாய்க் கம்பெனி இந்திய ஆலைக்கு 1,200 டாலருக்கு விற்றதாக இன்னொரு பில். கப்பல் துபாய்ப் பக்கமே போகாது. கினி வளைகுடாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி நேரே இந்தியப் பெருங்கடலுக்குள் வரும். பில் மட்டும் துபாய்க்குப் போய்வரும். டன்னுக்கு 400 டாலர் வீதம் 4 லட்சம் டாலர் அங்கே தங்கிவிட்டது. விளைந்த நாட்டில் ஏற்றுமதி வரியும் குறைவு, லாப வரியும் குறைவு. இங்கே ஓடு உடைக்கும் ஆலைக்கோ கொட்டை முழு விலைக்குத்தான் கிடைத்தது.

அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த துபாய்க் கம்பெனி எவ்வளவு வரி கெட்டும்?" சரியான கேள்வி. ஐக்கிய அரபு எமிரேட்டில் 2023 ஜூன் வரை சாதாரணக் கம்பெனிகளுக்கு லாப வரியே கிடையாது. அதன்பிறகு 9 சதவீதம் வந்தது. சுதந்திர வணிக மண்டலத்தில் இருந்து, நிபந்தனைகளுக்கு உட்பட்டால், இன்றும் பூஜ்யம்.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். இறக்குமதி செய்யும் நாட்டிலிருந்து லாபத்தை வெளியே தள்ள வேண்டுமானால் பில்லில் விலையை ஏற்றி எழுத வேண்டும்; சுங்க வரியைக் குறைக்க வேண்டுமானால் இறக்கி எழுத வேண்டும். இந்தியாவில் ஓட்டோடு வரும் கொட்டைக்கான சுங்க வரி 2018 பட்ஜெட்டில் 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. அதனால் அதில் பொய் சொல்வதில் பெரிய ஆதாயம் இல்லை. ஓட்டை உடைத்து எடுத்த முந்திரிப் பருப்பு அப்படியல்ல, அதற்கு வரி அதிகம். பருப்பையே மலிவு விலை போட்டும், கால்நடைத் தீவனம் என்றும் வேறு பெயர் எழுதியும் கொண்டுவருகிறார்கள் என்று முந்திரித் தொழில்துறையினர் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2019 ஜூனில் மத்திய அரசு இறக்குமதிப் பருப்புக்குக் குறைந்தபட்ச விலையை உயர்த்தியது: உடைந்த பருப்புக்கு கிலோ 680 ரூபாய், முழுப் பருப்புக்கு 720. பருப்பாகவே நாட்டுக்குள் வந்துவிட்டால் நம் மாவட்டத்தில் தல்லவும் தொலி உரிக்கவும் தரம் பிரிக்கவும் என்ன இருக்கிறது? துறைமுகத்தில் எழுதப்படும் ஒரு பொய் விலை விளவங்கோடு தாலுகாவில் வேலையில்லாத நாளாக வந்து விடிகிறது.

சரி, கொட்டைக்காவது சந்தையில் ஒரு விலை உண்டு, பொய்யைப் பிடித்துவிடலாம். சந்தை விலையே இல்லாத சரக்குகள்தான் இன்னும் சிக்கல். ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கிளை, அதே குழுமத்தின் இன்னொரு கிளைக்கு 'பெயரைப் பயன்படுத்தும் கட்டணம்', 'நிர்வாக ஆலோசனைக் கட்டணம்', 'கடன் வட்டி' என்று பணம் அனுப்பும். பெயருக்கு என்ன விலை? ஆலோசனைக்கு என்ன விலை? சம்பந்தமில்லாத இரண்டு பேர் சந்தையில் பேசி முடிக்கும் விலையைத்தான் குழுமத்துக்குள்ளும் வைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அண்ணன் தம்பிக்கு விற்றாலும் அந்நியனுக்கு விற்பதுபோல விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடசேரி சந்தையில் வாழைக்குலைக்கு இதைச் சரிபார்க்கலாம். உலகத்தில் ஒரே ஒரு நிறுவனத்திடம் மட்டும் இருக்கும் ஒரு பெயருக்கு எந்தச் சந்தையில் போய் விலை கேட்பது?

கானாவின் தலைநகர் அக்ராவில் நடந்ததை ஆக்‌ஷன்எய்ட் என்ற தொண்டு நிறுவனம் 2010இல் வெளியிட்டது. அங்கே ஒரு பன்னாட்டு மது நிறுவனத்தின் ஆலை. பீரின் பெயருக்கான கட்டணம் நெதர்லாந்துக் கிளைக்கு, நிர்வாகக் கட்டணம் சுவிட்சர்லாந்துக் கிளைக்கு, கொள்முதல் மொரிஷியஸ் கிளை வழியாக. பெரும்பாலான ஆண்டுகளில் ஆலையின் கணக்கில் வரி கட்டும் அளவுக்கு லாபமே நிற்கவில்லை. அந்த ஆலையின் பக்கத்தில் சின்னக் கடை போட்டு அதே பீரை விற்ற ஒரு பெண், ஆலையைவிட அதிக வருமான வரி கட்டியிருந்தார். வரி ஏய்க்கவில்லை, சட்டப்படியே நடக்கிறோம் என்று நிறுவனம் மறுத்தது. என்னை அதிகம் உறுத்துவது அந்த மறுப்புதான், ஏனென்றால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கக்கூடும். வரி ஏய்ப்பு குற்றம். வரித் தவிர்ப்பு சட்டத்தின் சந்துபொந்துகளில் நடப்பது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோட்டை எங்கே போடுவது என்று இன்றுவரை சர்வதேசக் கூட்டங்களில் சண்டை. கடை வைத்திருந்த பெண்ணுக்கு அந்தக் கோடு எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்க முன்னாள் அதிபர் தாபோ எம்பெகி தலைமையிலான குழு 2015இல் அளித்த அறிக்கை, ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுக்கு 5,000 கோடி டாலராவது முறைகேடாக வெளியேறுகிறது என்றது. ஐநாவின் வணிக, வளர்ச்சி அமைப்பு 2020இல் அதை 8,860 கோடி டாலர் என்று கணித்தது; அந்தக் கண்டத்தின் மொத்த உற்பத்தியில் 3.7 சதவீதம். மறைத்த பணத்தை எண்ணுவது கடினம் என்பதால் இந்த மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். எம்பெகி அறிக்கையில் இன்னொரு தகவலைக் கவனிக்க வேண்டும்: வெளியேறும் பணத்தில் வணிக வழி 65 சதவீதம், போதைப்பொருள் போன்ற குற்றங்கள் 30 சதவீதம், லஞ்சப் பணம் சுமார் 5 சதவீதம். 'எல்லாம் அரசியல்வாதி அடித்த பணம்' என்று நாம் டீக்கடையில் பேசுவதோடு இது ஒத்துப்போகவில்லை.

வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவான ஊர்கள் நம்முடையவை. குழல்பணம் என்ற சொல் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு கடையில் திர்ஹமைக் கொடுத்தால் இங்கே ஒருவர் வீட்டு வாசலில் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். அது சட்டவிரோதம், அதே குழாய் வழியாகக் கள்ளக்கடத்தல் பணமும் ஓடும், மாட்டிக்கொண்டால் குடும்பம்தான் அலையும். ஆனாலும் கட்டட வேலை செய்து வியர்வையில் சம்பாதித்த ஒருவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும், லாபத்தை ஒளிக்க அனுப்பும் பணத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. முறையான வழியில் அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதைச் செய்தால் பாதிக் குழாய் தானாக வறண்டுவிடும்.

ஒரு பொருளின் மதிப்பு ஓரிடத்தில், ஆதாயம் வேறிடத்தில் என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதுமல்ல. 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், நம் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனசைட்டிலிருந்து கிடைக்கும் தோரியம் அன்றைய ஐரோப்பாவின் கேஸ் விளக்குத் திரிகளுக்குத் தேவைப்பட்டது. மணலைத் தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். முதல் உலகப்போர் வந்தபோது கைதானார், ஆலை ஆங்கிலேயர் கைக்குப் போனது. கயிறு திரித்தவர்களுக்குத் தாங்கள் கயிற்றோடு சேர்த்து என்ன அனுப்பினோம் என்று தெரிந்திருக்க வழியில்லை.

இப்போது மணவாளக்குறிச்சியில் இருப்பது மத்திய அரசின் அருமணல் ஆலை. அதற்கு அப்பால், கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி கடற்கரைகளில் தனியார் நிறுவனங்கள் கார்னெட், இல்மனைட் என்ற மணல் கனிமங்களை அள்ளி ஏற்றுமதி செய்தன. முறைகேட்டுப் புகார்கள் குவிந்து 2013இல் தமிழக அரசு தடை போட்டது. அனுமதித்த இடத்துக்கு வெளியே அள்ளியதற்காக அரசு விதித்த ராயல்டியையும் கனிமத்தின் விலையையும் எதிர்த்து நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. சென்னை உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் 5,832 கோடி ரூபாய் வசூலிக்க அரசு எடுத்த நடவடிக்கையை உறுதிசெய்து, சிபிஐ விசாரணைக்கும் உத்தரவிட்டது. 2013இல் தடை, 2025இல் தீர்ப்பு. பன்னிரண்டு வருடம். இதற்குள் அக்கா எத்தனை ரீசார்ஜ் செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றில்கூட வரி பாக்கி நின்றதில்லை.

மொரிஷியஸ் என்றால் நம் தமிழர்கள் போய்க் குடியேறிய தீவு, காவடி எடுக்கும் ஊர் என்றுதான் பலருக்குத் தெரியும். இந்தியாவுக்குள் வந்த அந்நிய முதலீட்டில் 2000க்குப் பிறகான பதினைந்து வருடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தச் சிறு தீவிலிருந்து வந்தது. பதின்மூன்று லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் அவ்வளவு பணம் எங்கே விளைந்தது? 1982இல் இந்தியா அதனோடு செய்த வரி ஒப்பந்தப்படி, மொரிஷியஸ் கம்பெனி இந்தியப் பங்கை விற்று வரும் லாபத்துக்கு மொரிஷியஸில்தான் வரி. அங்கே அப்படி ஒரு வரியே கிடையாது. லண்டன் பணமும் நியூயார்க் பணமும், ஏன், மும்பைப் பணமேகூடச் சுற்றிக்கொண்டு அங்கே ஒரு முகவரி வாங்கி உள்ளே வந்தன. 2003இல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லும் என்று சொல்லிவிட்டது. கடைசியில் 2016 மே மாதம் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளின் லாபத்துக்கு இந்தியா வரி போடும் உரிமையைப் பெற்றது. ஒரு ஓட்டையை அடைக்க முப்பத்து நான்கு வருடம்.

வரியில் யார் கை நழுவுகிறது, யார் கை மாட்டுகிறது என்பதைத் தென் திருவிதாங்கூர் மக்கள் நன்றாகவே அறிந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தலைக்கு வரி, பனைக்கு வரி, பனையேறும் ஏணிக்கும் வரி. உயர்சாதியினரின் ஜன்ம நிலங்கள், அதாவது பரம்பரை உரிமை நிலங்கள், பலவற்றுக்கு வரியில்லை, இருந்தாலும் பெயரளவுக்கு. வரிக்கொடுமையைச் சாடிய அய்யா வைகுண்டரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள். அவருடைய பதி இருக்கும் சாமித்தோப்புக்குப் போகிறவர்கள் இன்றும் அந்த வரிகளின் பெயரைச் சொல்லக் கேட்கலாம். இருநூறு வருடம் கழித்தும் ஒரு சமூகம் வரியின் பெயரை நினைவில் வைத்திருக்கிறது என்றால், வலித்தது பணத்தின் அளவு மட்டுமல்ல. கொடுக்க முடியாதவனிடம் கேட்டதும், கொடுக்க முடிந்தவனை விட்டதும்தான்.

பெரிய இடத்துப் பணம் நழுவினால் ஏழை நாட்டு அரசு அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்பும்? கையருகே இருப்பதைக் கொண்டு: விற்பனை வரி, இறக்குமதி வரி, கடன். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியில் மொத்த உற்பத்தியில் சராசரியாக 34 சதவீதம் வரியாக வருகிறது. ஆப்பிரிக்க நாடுகளில் 16 அளவில். வரிவிகிதத்தை ஏற்றினால் சரியாகிவிடும் என்று ஆலோசனை சொல்பவர்கள், ஏற்றிய வரி யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம், இதற்கு வழியே இல்லையா என்றால், சில நாடுகள் கண்டுபிடித்த வழிகள் எளிமையானவை. தோவாளைச் சந்தையில் இன்று பிச்சிப்பூ என்ன விலை என்று கேட்டால் பத்து பேர் ஒரே விலை சொல்வார்கள். அங்கே பாதி விலையில் பில் எழுதினால் சிரிப்பார்கள். 2003இல் அர்ஜென்டினா இதைத்தான் செய்தது. சோயா போன்ற சரக்கு இடைத்தரகர் வழியாகப் போனால், பில்லில் என்ன இருந்தாலும், கப்பலில் ஏற்றிய நாளின் சர்வதேசச் சந்தை விலையை வைத்து வரி போடுவோம் என்றது. தான்சானியா முந்திரியைக் கிடங்கில் சேர்த்துப் பொது ஏலத்தில் விற்கிறது. விலை ஊருக்கே தெரிந்துவிடுகிறது. ஜாம்பியா ஒரு தாமிரச் சுரங்கத்தைப் பல வருடம் நீதிமன்றத்தில் துரத்தியது. தாமிரத்தைத் தன் குழுமத்தின் சுவிஸ் நிறுவனத்துக்குக் குறைந்த விலையில் விற்றதாக வழக்கு. 2020இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. கிடைத்த வரி சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர்தான். ஆனால் ஒரு ஏழை நாட்டின் வரித்துறை கணக்குகளை விரித்து வைத்து வாதாடி வெல்ல முடியும் என்று தெரிந்தது.

உலக அளவிலான விதிகள்தான் மெதுவாக நகர்கின்றன. லாபத்தை இப்படி நாடு மாற்றுவதால் ஆண்டுக்கு 10,000 கோடி முதல் 24,000 கோடி டாலர் வரை வரி இழப்பு என்று கணித்தது ஓஇசிடியேதான். 2021 அக்டோபரில் 136 நாடுகள், ஆண்டுக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் எங்கிருந்தாலும் 15 சதவீதமாவது வரி கட்ட வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்தக் குறைந்தபட்ச வரியை வசூலிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் தலைமையகம் இருக்கும் நாட்டுக்கே போகிறது, கொட்டை விளைந்த நாட்டுக்குப் போவதில்லை என்று ஆப்பிரிக்க நாடுகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அதனால்தான் அவை விஷயத்தை ஐநா சபைக்கே கொண்டுபோயின. 2023 நவம்பரில், எல்லா நாடுகளுக்கும் சம குரல் உள்ள ஒரு வரி உடன்படிக்கை வேண்டும் என்ற தீர்மானத்தை ஆப்பிரிக்க நாடுகளின் சார்பில் நைஜீரியா முன்வைத்தது. ஆதரவு 125, எதிர்ப்பு 48, நடுநிலை 9. எதிர்த்தவை பெரும்பாலும் பணக்கார நாடுகள். 2025 பிப்ரவரியில் பேச்சுவார்த்தை தொடங்கியதும் அமெரிக்கா வெளியேறிவிட்டது. மற்றவர்கள் தொடர்கிறார்கள், 2027க்குள் உடன்படிக்கையின் வாசகம் தயாராக வேண்டும்.

அங்கே பேசப்படும் விஷயங்களில் எனக்கு முதலாவதாகத் தோன்றுவது, ஒரு குழுமம் எந்த நாட்டில் எத்தனை பேரை வேலைக்கு வைத்து, எவ்வளவு லாபம் காட்டி, எவ்வளவு வரி கட்டியது என்று நாடுவாரியாகக் காட்டும் அறிக்கை. பெரிய நிறுவனங்கள் அதை ஏற்கெனவே தயாரிக்கின்றன. தலைமையகம் இருக்கும் நாட்டிடம் கொடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியமும் ஆஸ்திரேலியாவும் 2024இலிருந்து தொடங்கும் கணக்காண்டுகளுக்கு அதில் ஒரு பகுதியைப் பொதுவில் வெளியிடச் சொல்லிவிட்டன. மற்றபடி அது ரகசியம். தகவல் பரிமாற்ற ஒப்பந்தமும் அதற்கான கணினி ஏற்பாடும் இல்லாத ஏழை நாடுகள் பலவற்றின் அதிகாரிகள் கண்ணில் அந்தத் தாள் படுவதே இல்லை. அது படுமானால், துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கும் சுங்க அதிகாரி முன்னால் இரண்டு தாள்கள் இருக்கும்: கொட்டைக்கு 800 டாலர் என்று சொல்லும் பில் ஒன்று, ஒரே ஒரு ஊழியரை வைத்துக்கொண்டு 4 லட்சம் டாலர் லாபம் காட்டும் ஒரு துபாய் அலுவலகத்தின் கணக்கு மற்றொன்று.